தொப்புளில் விட்ட விளக்கெண்ணெய்

"தொப்புளயும் சேத்தா எடுக்கணும்?" என்று மலர்க்கொடி இரண்டாம் முறையாகக் கேட்டாள்.

டாக்டரம்மா சலிக்காமல் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். மூத்திரப்பையின் உச்சியில் கட்டி. அங்கிருந்து தொப்புள் வரைக்கும் ஒரு நரம்பு மாதிரி. தாய் வயிற்றில் இருக்கும்போது அதற்கு வேலை உண்டு, பிறந்த பிறகு சுருங்கிவிடும். லட்சத்தில் ஒருவருக்கு அதில் புற்றுநோய் பிடிக்குமாம். பையின் மேல்பாகம், நரம்பு, தொப்புள், எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுத்துவிட வேண்டும்.

"தொப்புளு இல்லன்னா லுங்கி இடுப்புல நிக்குமா மேடம்?" என்றான் கட்டிலில் கிடந்த அவள் புருஷன் முனிரத்தினம். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

அவன் உத்திரமேரூர்ப் பக்கம் நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறவன். தை மாத அறுவடையில்தான் முதன்முதலாக மூத்திரம் சிவந்தது. "நாள் முச்சூடும் இன்ஜின் மேல குந்திக்கினு கீற, சூடு ஏறாம இன்னா பண்ணும்?" என்று அவள்தான் முடிவு கட்டினாள். குளித்து வந்தவனைப் படுக்க வைத்துத் தொப்புளில் விளக்கெண்ணெய் விட்டாள். மூன்றாம் நாள் தெளிந்தது. அடுத்த மாதம் மறுபடி சிவந்தது. மறுபடி எண்ணெய், மறுபடி தெளிந்தது. சித்திரையில், "ஒரு வாட்டி ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துர்றேன் மே" என்று அவனே சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். "மானாம்பதில நெல்லு மழைல சாஞ்சி கெடக்குதாம், மொதல்ல அத்த போயி அறுத்துக் குடு. சூட்டுக்கெல்லாமா ஆஸ்பத்திரி?" என்று அவனைத் திருப்பி அனுப்பியவளும் அவள்தான்.

"நான் வுட்ட எண்ணதான் உள்ள எறங்கி இப்டி ஆக்கிடுச்சா டாக்டரம்மா?"

"சேச்சே. எண்ண தோலத் தாண்டிப் போவாதும்மா. இது உங்களால வந்ததில்ல."

அவளுக்கு மூச்சு வந்தது. அதை முழுசாக விடுவதற்குள் டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார். "ரத்தம் எப்போலேர்ந்து போவுது?"

"ஒரு பத்து நாளா மேடம்."

ஸ்கேன் எடுத்த இடத்திலும் இதைத்தான் சொன்னான். அவன் அக்காவிடமும் இதைத்தான். அதனால்தான் இதுவரை அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

"எட்டு மாசம்" என்றாள் மலர்க்கொடி. "தையிலேர்ந்து. அவரு வரேன்னுதான் சொன்னாரு. நாந்தான் வாணான்னுட்டேன்."

பேனா நின்றது. எழுதியதை அடித்து மேலே எழுதினார். "சொன்னது நல்லதாப் போச்சு. எட்டு மாசம்னா பரவியிருக்கான்னு பாக்கணும், நாளைக்கு ஆபரேஷன்ல சுத்தி இருக்கற நெறிக்கட்டிங்களயும் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடறேன்." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"இப்ப இன்னாத்துக்குச் சொன்ன? எங்கக்கா காதுல வுய்ந்தா உன்ன சும்மா வுடுவாளா?"

"நீ திட்டேன்யா" என்றாள். "ஒரு வாட்டியாவது வாய்வுட்டுத் திட்டித் தொலையேன்."

முனிரத்தினம் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்துக்கொண்டான். அவள் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கால் கடுத்தது. ரொம்ப நேரம் கழித்து, திரும்பாமலே, அவன் கால்களை மடக்கிக்கொண்டான். கால்மாட்டில் பச்சை விரிப்பு ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் காலியாகக் கிடந்தது. அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.