பிரிக்காத பெட்டிகள்

திங்கட்கிழமை காலை மாடிப்படிக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை இல்வா மூன்று முறை படித்தாள். நிலவறைச் சுவரில் ஈரம் கசிகிறது. சனிக்கிழமை எட்டு மணிக்கு வேலை தொடங்கும். அதற்குள் எல்லோரும் தங்கள் சாமான் அறையைக் காலி செய்துவிட வேண்டும். செய்யாதவர்களின் சாமான்களை வேலையாட்களே முற்றத்தில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

நாற்பது வீட்டு ஜன்னல்களும் அந்த முற்றத்தைப் பார்த்துத்தான் இருந்தன.

நிலவறையில் வீட்டுக்கு ஒன்றாகக் கம்பிவலை அடித்த சிறு அறைகள். பதினான்காம் எண் அறையில் மட்டும் வலையின் உட்புறம் ஒரு பழைய படுக்கைவிரிப்பு கட்டியிருந்தது. சாவி இல்வாவிடம்தான் இருக்கும். உள்ளே பனிச்சறுக்குக் கட்டைகளும் கிறிஸ்துமஸ் சாமான்களும் இருப்பதாக அவள் கணவன் யெர்கர் நினைத்துக்கொண்டிருந்தான். அவையும் இருந்தன, எங்கோ அடியில். அவற்றின் மேல் நான்கு வருடப் பார்சல்கள், கூரை வரைக்கும்.

நோர்ஷொப்பிங் நகருக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. இல்வா ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். மூன்று மணிக்கெல்லாம் வெளியே இருட்டிவிடும். அந்த வேளையில் ஃபோனில் எதையாவது தேடிப் பிடித்து வாங்கிவிட்டால் நெஞ்சில் இருந்த கனம் சற்றுக் குறையும். ஆனால் பார்சல் வந்து சேரும் நாளில் அதைப் பார்க்கவே பிடிக்காது. கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வேலையில் உட்கார்ந்துவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை யெர்கர் வேலைக்குப் போனதும், பெட்டிகளில் இருந்த தன் பெயர்ச்சீட்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்து, இரண்டு பை நிறையப் பழைய பொருள் கடைக்குக் கொண்டுபோனாள். அங்கே இருந்த பெண் எல்லாம் புத்தம் புதிதாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டு, எங்கிருந்து வந்தது என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். திருட்டுச் சாமான் என்று நினைக்கிறாளோ என்று இல்வாவுக்கு முகம் சிவந்துவிட்டது. என்னவோ உளறிவிட்டு வெளியே வந்தாள். மறுபடி அந்தப் பக்கம் போகத் துணிவு வரவில்லை.

புதன்கிழமை டிராமில் வரும்போது, தரம் பிரித்து அடுக்கிவிட்டால் பார்ப்பதற்குக் கொஞ்சம் ஒழுங்காக இருக்குமே என்று தோன்றியது. மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டிகள் ஆறு ஃபோனிலேயே வாங்கினாள். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. இறங்க வேண்டிய இடம் வருவதற்கு முன்பே இறங்கி, குளிரில் நின்று அந்த ஆர்டரை ரத்து செய்தாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பான இடத்தில் அழுத்தினாள்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் பட்டாணி சூப். அண்ணனிடம் காரில் மாட்டும் இழுவண்டி கேட்டிருப்பதாகவும், நாளை அரை நாள் விடுப்பு எடுத்து எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம் என்றும் யெர்கர் சொன்னான். வேண்டாம், தானே பார்த்துக்கொள்கிறேன் என்று இல்வா அவசரமாகச் சொன்னாள். கொஞ்சம் அதிகமான அவசரம். யெர்கர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் அவன் ஏழு வயது மகள் தூவாவைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு நேராக நிலவறைக்கே வந்துவிட்டான். பாதிப் பெட்டிகளைக்கூட நகர்த்தியிருக்காத இல்வா, திறந்த கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

யெர்கர் ஒரு பெட்டியை எடுத்தான். ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. இன்னொன்றை எடுத்தான்.

"எத்தனை நாளா?"

"நாலு வருஷமா."

"ஏன் பிரிக்கக்கூட இல்ல?"

"வாங்குற வரைக்கும்தான் நல்லா இருக்கும். வந்தப்புறம் பார்த்தாலே பயமா இருக்கும்."

எதிர் அறையில் தன் ஒரே சறுக்குவண்டியைத் தூக்கிக்கொண்டிருந்த சீவ் எட்டிப் பார்த்தாள். எழுபது வயது, மூன்றாம் மாடி, யாரையும் சும்மா விடமாட்டாள்.

"என்னப்பா, கடை போடப் போறீங்களா?"

"ஆமா சீவ், திறப்பு விழாவுக்கு வந்துடுங்க. முதல் போணி நீங்கதான்," என்றான் யெர்கர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். சீவ் தள்ளுவண்டி வேண்டுமா என்று மட்டும் கேட்டு, அதை விட்டுவிட்டுப் போனாள்.

அதற்குள் தூவா ஒரு பையைப் பிரித்து, சிவப்புப் பனிக்கால உடுப்பு ஒன்றை வெளியே இழுத்திருந்தாள். விலைச்சீட்டு கழுத்தில் தொங்கியது.

"அம்மா, இது எந்தப் பாப்பாவுக்கு?"

"உனக்குத்தான். உன் நாலு வயசுல வாங்கினது."

தூவா தன் காலை நுழைத்துப் பார்த்தாள். முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் பெரியப்பா மகனின் முட்டி கிழிந்த உடுப்பைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தாள். புதிதாக ஒன்று வாங்கியதே இல்வாவுக்கு மறந்துபோயிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

யெர்கரின் கோபம் அப்போதுதான் வந்தது. குரலை உயர்த்தவில்லை.

"லூலியோ ஊருக்குப் போய் எங்க அப்பாவைப் பார்க்கலாம்னு ரெண்டு வருஷமா கேட்டுட்டு இருக்கேன். முடியாது, இப்ப செலவை இறுக்கிப் பிடிக்கணும்னு சொன்னே. நானும் நம்பினேன்."

இல்வா எழுந்து முதல் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள். அன்று அவர்கள் நான்கு நடை போனார்கள். ஒரு நடை இன்னும் திருப்பிக் கொடுக்க முடிந்த பார்சல்கள், மூன்று நடை பழைய பொருள் கடைக்கு. இந்த முறை அந்தப் பெண் கேட்பதற்கு முன்பே, எல்லாம் தான் வாங்கியவை என்று இல்வா சொல்லிவிட்டாள்.

இரண்டு நாள் யெர்கர் தேவைக்கு மட்டும் பேசினான். மூன்றாம் நாள் காப்பி குடிக்கும்போது, இனி என்ன செய்யலாம் என்று கேட்டான். ஃபோனில் பதிந்திருந்த வங்கி அட்டை எண்ணை இல்வா அவன் எதிரிலேயே அழித்தாள். எது வேண்டும் என்று தோன்றினாலும் சமையலறையில் ஒட்டிய தாளில் தேதி போட்டு எழுதுவது, ஒரு மாதம் கழித்தும் வேண்டியிருந்தால் இருவரும் பேசி வாங்குவது என்று முடிவானது. முதல் மாதம் பத்தொன்பது பொருள்கள் எழுதினாள். மாதக் கடைசியில் அதில் ஒரு பொருளின் பெயரைப் படித்தபோது, அது எதற்கு என்றே அவளுக்கு நினைவில்லை. தூவாவுக்குக் காலணி மட்டும் வாங்கினார்கள்.

ஆனாலும் மூன்று மணி ஆனால் கை தானாக ஃபோனைத் தேடியது. எழுந்து பால்கனியில் போய் நிற்பாள். பல நாள் அது தணிந்துவிடும். பிப்ரவரியில் ஒரு நாள் தணியவில்லை. அட்டையை எடுத்து எண்களை ஒவ்வொன்றாகத் தட்டி, ஒரு மேசைவிளக்கு வாங்கிவிட்டாள். யெர்கர் வந்து காலணியைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"ஒண்ணு வாங்கிட்டேன்."

அவன் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தான். "சரி. வரட்டும். சேர்ந்தே பார்ப்போம்."

விளக்கு வந்த அன்று சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தார்கள். அழகாகத்தான் இருந்தது. இல்வா அதை ஏற்றியும் அணைத்தும் பார்த்தாள். பிறகு அதைப் பெட்டிக்குள் வைத்து மூடி, மறுநாளே திருப்பிக் கொடுக்கும் வரிசையில் போய் நின்றாள். ரசீதை வாங்கும்போதும் கை தானாக ஃபோனைத் தேடிக்கொண்டுதான் இருந்தது.