பன்னிரண்டு பேரையும் கூப்பிடுங்க

சிகாகோவில் கட்சியின் தேசிய மாநாட்டு மண்டபத்தில், ஓட்டைச் சொல்லச் சொல்லி மாநிலங்களின் பெயர்களை வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். துணை ஜனாதிபதி வேட்பாளரை மாநாடே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று ஜனாதிபதி வேட்பாளர் கைகழுவிவிட்டார். அதனால் மெர்வின், ஹாலோரன் என்ற இரண்டு செனட்டர்களுக்குள் இழுபறி. மெர்வினுக்கு இன்னும் ஒன்பது ஓட்டு போதும் என்கிற நேரத்தில், பன்னிரண்டு பிரதிநிதிகளில் ஒருத்தியாக வெர்னா டோலஃப்சன் வந்திருந்த மாநிலத்துக்கு முறை வந்தது.

அந்தப் பிரதிநிதிக் குழுவின் தலைவர் ஆர்வில் கெட்சம். பன்னிரண்டு ஓட்டையும் மெர்வினுக்கு வாங்கித் தந்தால் தனக்கு விவசாய அமைச்சர் பதவி என்று மெர்வின் தரப்போடு பேசி முடித்திருந்தார். பன்னிரண்டு பேரில் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமே அந்த மனிதருக்குக் கிடையாது.

வெர்னாவுக்கு அது வலிக்க வலிக்கத் தெரியும். பத்து வருஷம் பனியில் வீடு வீடாக ஏறி அவருக்கு ஓட்டுச் சேர்த்தவள். அடுத்த தேர்தலில் நீதான் நிற்கிறாய் என்று ஆசை காட்டியவர், ஏப்ரல் மாதக் கூட்டத்தில் எழுந்து, வெர்னாவுக்கு இதில் இஷ்டமில்லையாம் என்று சொல்லி இடத்தை மருமகனுக்குக் கொடுத்துவிட்டார். அவளோ அதே அறையில் காபித் தட்டோடு நின்றிருந்தாள். தட்டை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டோமே என்று அன்றிலிருந்து வயிறெரிந்துகொண்டிருந்தாள்.

கெட்சம் மைக்கில் பன்னிரண்டு ஓட்டும் மெர்வினுக்கே என்றார். வாத்தியக்காரர்கள் எக்காளத்தைத் தூக்கிவிட்டார்கள். வெர்னா எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

"தலைவர் சொன்ன கணக்குல எனக்குச் சந்தேகம். பன்னிரண்டு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

ஒரே ஒரு பிரதிநிதி இப்படிக் கேட்டால் போதும், ஒவ்வொருவரும் எழுந்து தன் வாயால் சொல்லியாக வேண்டும். விதி எல்லோருக்கும் தெரியும். கெட்சம் இருக்கும்போது அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

"வெர்னா கண்ணு, உக்காரு. இந்தப் புழுக்கம் உனக்கு ஒத்துக்கல" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எனக்கு நல்லா ஒத்துக்குது, ஆர்வில். நீங்கதான் வேர்த்துக் கொட்டுறீங்க."

முதல் பெயர் கஸ் ஆல்ம்க்விஸ்ட். ஊருக்குப் போட வேண்டிய சாலையைக் கெட்சம் தன் மில்லுக்குத் திருப்பிக்கொண்டதை வாய்திறக்காமல் விழுங்கியவர். இப்போது தொலைக்காட்சிக் கேமரா நேராக அவரைப் பார்த்தது. கேமராவுக்கு அந்தப் பக்கம் அவருடைய ஊரே உட்கார்ந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஹாலோரன் என்றார். அதைக் கேட்டதும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. வெர்னாவின் பெயர் வருவதற்குள் ஆறு பேர் கழன்றுவிட்டார்கள்.

இவள் ஏழாவது என்று மண்டபமே காத்திருந்தது.

"செனட்டர் மெர்வின்" என்றாள் வெர்னா.

எங்கிருந்தோ சிரிப்புக் கிளம்பியது. காற்று மாறியதைப் பார்த்த அடுத்த மாநிலம் அத்தனை ஓட்டையும் ஹாலோரனுக்குக் கொட்டியது. கதை முடிந்தது.

கெட்சம் அவள் முன்னால் வந்து நின்றார். "நீயும் என் ஆளுக்குத்தான் போட்ட. அப்புறம் எதுக்குடி இந்த வேலை?"

"மெர்வின் நல்ல மனுஷன், அவருக்குத்தான் போட்டேன். அதோட, என்னைக் கட்சியை விட்டுத் தூக்க உங்களுக்கு ஒரு காரணமும் கிடைக்கக் கூடாது பாருங்க."

மெர்வின் தோற்றதில் அவளுக்கு வருத்தம்தான். ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

நாற்காலி வரிசைகளுக்கு நடுவே கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெர்வினே வந்துகொண்டிருந்தார், பன்னிரண்டு என்று வாக்குக் கொடுத்தவரைத் தேடி. கெட்சமின் முகம் நன்றாகத் தெரியும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வெர்னா உட்கார்ந்தாள்.