சாம்பிராணி மட்டும்தான்

1

இந்தக் கதை ஒரு வார்த்தையிலிருந்து முளைத்தது. அரியலூரில் ஒரு டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண், மடியில் மூச்சு இரைக்கிற குழந்தை. "வீட்டுல ஏதாவது புகை உண்டாம்மா?" என்று டாக்டர் கேட்டார். அவள் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்: "பொகையா? அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார். சாம்பிராணி மட்டும்தான்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அந்த 'மட்டும்தான்' பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது. முதலில் எரிச்சலாக இருந்தது. போகப் போக எரிச்சல் போய்ப் பயம் வந்தது, ஏனென்றால் அவள் பொய் சொல்லவில்லை. அடுப்பிலிருந்து வருவதுதான் அவளுக்குப் புகை. சாம்பிராணி மருந்து.

அதனால் கதையை எண்பது வருஷம் பின்னால் தள்ளிவிட்டேன். அங்கே இப்படிக் கேட்க டாக்டர் கிடையாது. கேள்வி வர வேண்டுமென்றால் வீட்டுக்குள் இருப்பவர்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். அது லேசில் வராது என்பதும் எனக்குத் தெரியும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "நாற்பத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசியில், உடையார்பாளையத்துக்குத் தெற்கே வானம் பொத்துக்கொண்டு..." (வேண்டாம். வானம் பொத்துக்கொள்ளும் கதைகளை நானே முதல் பக்கத்தில் மூடிவிடுவேன்.)

இரண்டாம் முயற்சி: "பூங்காவனம் பொல்லாத நாத்தனார். தம்பி பெண்டாட்டியை ஆட்டிப் படைப்பதே அவளுக்கு"

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும். நாத்தனாரைப் பொல்லாதவளாக்குவது எழுதுகிறவனுக்குச் சுலபம். வாசிக்கிற உங்களுக்கும் சௌகரியம். திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம். இந்தக் கதையில் அந்த நிம்மதி கிடைக்காது.

மூன்றாவது, இதுவே இருக்கட்டும்:

மழை பிடித்தாலே பூங்காவனம் சாம்பிராணிப் பொட்டலத்தைத் தேடி எடுத்துவிடுவாள். புருஷன் செத்து, கைக்குழந்தையோடு தம்பி அய்யம்பெருமாள் வீட்டுக்கு வந்தவள் அவள். அந்தக் குழந்தை செல்லதுரை மூன்று வயதில், இதே போல ஓர் அடைமழையில், இரைப்பு வந்து போய்விட்டான். ஈரக்காற்று பட்டதால் போனான் என்று அவள் நம்பினாள். சாம்பிராணிப் புகையை இன்னும் கொஞ்சம் கூடக் காட்டியிருக்கலாமோ என்றும் நினைத்து நினைத்து மாய்ந்துபோனாள். இப்போது தம்பி மகள் பாப்பாத்திக்கு நாலு வயது. அவளுக்கும் அதே இரைப்பு.

3

பின்மதியம். அய்யம்பெருமாள் வண்டி கட்டிக்கொண்டு அரியலூர் போனவன் இன்னும் திரும்பவில்லை. ஓடையில் வெள்ளம்.

(இந்த இடத்தில் ஊரிலிருந்து விவரம் தெரிந்த ஒருவரை வீட்டுக்குள் அனுப்பலாமா என்று பார்த்தேன். அவர் வருவார், நாலு வார்த்தை சொல்வார், எல்லாம் சரியாகிவிடும். ஓடையில் வெள்ளத்தை விட்டதே அப்படி யாரும் வந்துவிடக் கூடாது என்றுதான். என்னைத் திட்டுவதானால் இங்கே திட்டிக்கொள்ளுங்கள்.)

வீட்டில் இரண்டு பெண்கள், ஒரு குழந்தை. ஒரே அறை. சமையல், படுக்கை, நெல் குதிர் எல்லாம் அதற்குள். ஜன்னல் இல்லை. விறகு நனைந்து கிடந்ததால் அடுப்பில் முந்திரி ஓடு எரிந்தது.* கதவைச் சாத்தித் தாழ்போட்டு, கீழே இருந்த இடுக்கிலும் பழந்துணியை வைத்து அடைத்திருந்தாள் பூங்காவனம். காற்று ஒரு நூல் நுழையக் கூடாது.

* முந்திரி விளைகிற ஊர் என்பதால் கொட்டையை உடைத்தபின் ஓடு மிஞ்சும். அதில் எண்ணெய் உண்டு. கையில் பட்டால் தோல் வெந்துவிடும். மழையிலும் திகுதிகுவென்று எரியும். புகை கண்ணைக் கடிக்கும். அந்த வீட்டில் கண் எரிகிறது என்று யாரும் சொன்னதில்லை. அடுப்பங்கரை என்றால் கண் எரியத்தான் செய்யும்.

அறை நடுவே ஒரு சட்டியில் நெருப்பு. அதன்மேல் நொச்சி இலையும் சாம்பிராணியும். பக்கத்தில் பாப்பாத்தியை உட்காரவைத்து, ஆவி பிடிப்பதைப் போலக் குழந்தையையும் சட்டியையும் சேர்த்து ஒரு கம்பளியால் மூடினாள். ஓரங்களை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த... அத்த..."

"ஒண்ணுமில்லடா தங்கம். நல்லா இழுத்து மூச்சு விடு. சளியெல்லாம் கரைஞ்சுரும்."

கம்பளிக்குள் இருமல் கேட்டது. அதன்பின் ஒரு விசில் சத்தம். அந்தச் சத்தத்தைப் பூங்காவனத்துக்கு நன்றாகத் தெரியும். அவள் இன்னொரு சிட்டிகை சாம்பிராணி எடுத்தாள்.

4

தம்பி பெண்டாட்டி கலியம்மாள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளை வாயில்லாப் பூச்சியாகத்தான் முதலில் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

"அண்ணி, போதும். எடுத்துருங்க."

"எதை எடுக்கச் சொல்ற?"

"பொகையத்தான். காலையில நீங்க கண்ணசந்த நேரத்துல புள்ளைய மாட்டுக்கொட்டாய்க்குத் தூக்கிட்டுப் போனேன். அங்க செத்த நேரத்துலயே இரைப்பு அடங்கிடுச்சு. கன்னுக்குட்டியத் தொட்டுப் பாத்துச் சிரிச்சா. உள்ள கொண்டாந்ததும் மறுபடியும் புடிச்சுக்கிச்சு."

பூங்காவனத்துக்குக் கோபம் தலைக்கேறியது. "கொட்டாயில நாலு பக்கமும் காத்து! அந்தக் காத்துதான்டி இப்ப வேலையக் காட்டுது. பெத்தவளா நீ?"

"காத்துல நல்லாருந்தா அண்ணி! நான் கண்ணால பாத்தேன்."

"உனக்கு என்ன தெரியும்? நான் ஒண்ண வாரிக் குடுத்தவ."

அதற்குக் கலியம்மாள் சொன்ன பதிலை நான் மூன்று தரம் அடித்தேன். மூன்று தரமும் திரும்ப எழுதினேன். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இது கதையே இல்லை. இருந்தாலோ, ஒருத்தியின் மிச்ச ஆயுசை என் கையால் நானே கெடுத்ததாகிவிடும்.

அடித்ததையே வைக்கிறேன்:

"செல்லதுரைக்கும் இதே பொகையத்தானே போட்டீங்க அண்ணி?"

5

சொன்னபின் கலியம்மாளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூங்காவனம் கம்பளியைத் தூக்கினாள். பாப்பாத்தியின் உதடு நிறம் மாறியிருந்தது. கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கியது. குழந்தையைத் தூக்கிக் கலியம்மாளிடம் கொடுத்தாள். கலியம்மாள் கதவைப் பார்த்தாள், ஆனால் நகரவில்லை.

(ஏன் நகரவில்லை? நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். அவளுக்கும் நிச்சயம் இல்லை. பார்த்தது ஒரே ஒரு தடவை. காற்று ஆகாது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அவள். அண்ணி சொல்லாமல் கதவைத் திறந்து ஏதாவது ஆகிவிட்டால், அந்தப் பழி அவள் தலையில்தான் விடியும். அந்த வீட்டில் குழந்தைக்கு எது ஆகும், எது ஆகாது என்று சொல்கிற வாய் பூங்காவனத்தின் வாய் ஒன்றுதான்.)

இந்த இடத்தில் பூங்காவனத்தை அழவைக்க நினைத்தேன். அவள் அழவில்லை. நான் நினைத்துப் பார்க்காத ஒன்றைச் செய்தாள். சட்டியின் பக்கத்தில் தானே உட்கார்ந்தாள். கம்பளியை இழுத்துத் தன் தலைமேல் போட்டுக்கொண்டு, ஓரத்தை முட்டிக்காலால் மிதித்துக்கொண்டாள்.

இத்தனை வருஷமாக எத்தனையோ பிள்ளைகளுக்குப் புகை காட்டியிருக்கிறாள். எப்போதும் கம்பளிக்கு வெளியேதான் இருந்திருக்கிறாள்.

6

உள்ளே இருட்டு. முதல் மூச்சு மணமாக இருந்தது. இரண்டாவது தொண்டையைப் பிடித்தது. மூன்றாவது மூச்சை இழுக்கப் பார்த்தாள், நெஞ்சு வாங்க மறுத்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. முகத்தைத் திருப்பினாள், எந்தப் பக்கம் திருப்பினாலும் அதுவே இருந்தது. தன்னையறியாமல் அவள் கை கம்பளியைத் தள்ளியது.

அப்போதுதான் அவளுக்கு இன்னொரு கை ஞாபகம் வந்தது. சின்னக் கை. செல்லதுரை உள்ளேயிருந்து கம்பளியைத் தள்ளிக்கொண்டே இருந்தான். அடம் பிடிக்கிறான் என்று நினைத்து, அவள் ஓரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் தள்ளுவது நின்றது. பிள்ளை தூங்கிவிட்டான், புகை கேட்டுவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இதை எழுதிவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். அன்றைக்கு மேற்கொண்டு எழுத முடியவில்லை.

7

பூங்காவனம் கம்பளியை உதறிவிட்டு வெளியே வந்தாள். எதிரே கலியம்மாள், இடுப்பில் பாப்பாத்தி. விசில் சத்தம்கூட இப்போது மெலிந்துகொண்டு வந்தது.

"எப்படி இருக்கு அண்ணி?"

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று: "கதவத் தொறடி" என்கிறாள். சட்டியில் தண்ணீரைக் கொட்டுகிறாள், அடுப்பிலும் கொட்டுகிறாள். குழந்தை கொட்டகைக்குப் போகிறது, மூச்சு திரும்புகிறது. பாப்பாத்தி பிழைத்துக்கொள்வாள். பூங்காவனம் அதன்பின் உயிரோடிருக்கும் காலமெல்லாம், கம்பளியைத் தள்ளிய அந்தக் கையோடு இருக்க வேண்டும். காற்றுதான் கொன்றது என்று சொல்லிக்கொள்ள இனி வழியில்லை.

மற்றொன்று: கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதமாத்தான் இருக்கு. கொண்டா புள்ளைய" என்கிறாள். அப்போது செல்லதுரையை அவள் கொல்லவில்லை. அவனுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்த தாயாகவே அவள் இருந்துவிடலாம். அதற்கு என்ன விலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நல்லவர்களான நீங்கள் சட்டென்று முதல் முடிவைக் கையில் எடுப்பீர்கள். எடுக்கும் முன் ஒரு தடவை அந்தக் கம்பளிக்குள் உட்கார்ந்து பாருங்கள். 'சாம்பிராணி மட்டும்தான்' என்று சொன்ன அந்தப் பெண்ணுக்கு முந்தி ஒரு குழந்தை இருந்து போயிருக்குமோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. டாக்டர் அதைக் கேட்கவில்லை.

முடிவே வேண்டாம், இப்படியே நிறுத்திவிடலாம் என்றும் பார்த்தேன். எழுதுகிறவனுக்கு அது கௌரவமான தந்திரம். ஆனால் நான் நிறுத்தினாலும், நீங்கள் பக்கத்தை மூடினாலும், அந்தக் கதவு தாழ்போட்டபடிதான் இருக்கும். அடுப்பில் முந்திரி ஓடு எரிந்துகொண்டுதான் இருக்கும். முடிவு சொல்லாமல் போவது இரண்டாவது முடிவேதான், கொஞ்சம் மெதுவாக.

பூங்காவனம் வாயைத் திறந்துவிட்டாள். அந்த வார்த்தையை நான் கொடுக்கப் போவதில்லை. என் நாக்கிலும் அது எழவில்லை. கலியம்மாள் காத்துக்கொண்டு நிற்கிறாள்.

சீக்கிரம் சொல்லுங்கள்.