வெள்ளைக்காரர் பெஞ்சு

அம்மா செத்த மறுநாள் போதகர் வீட்டிலிருந்து ஆள் வந்து, "வெர்லீன், கிளீவ்லாந்திலேருந்து உனக்கு போன்" என்றபோதே வெர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளீவ்லாந்தில் அவளுக்கு இருப்பது ஒரே ஆள், தங்கை கோரலி. பதின்மூன்று வருஷமாக இந்த ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்காத மகராசி. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், அதில் கையெழுத்துகூட இருக்காது.

கறுப்பினக் குடும்பம்தான், ஆனால் கோரலி அப்பாவைக் கொண்டு பிறந்தவள். வெளுத்த தோல், நேரான முடி. உலகப் போர் நடந்த சமயம், பத்தொன்பது வயசில், ஜார்ஜியாவில் ரயிலேறி வடக்கே போனாள். அங்கே யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அப்படியே வெள்ளைக்காரியாகிவிட்டாள். வெள்ளைக்காரனையே கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகளும் பெற்றாயிற்று. வெர்லீன் அம்மாவைப் போல நல்ல கறுப்பு. ஊரிலேயே இருந்து, துணி வெளுத்து, படுக்கையில் விழுந்த அம்மாவுக்குப் பீ மூத்திரம் எடுத்தவள் அவள்தான்.

"அக்கா, அம்மா பேர் போட்டு நீ அனுப்பின தந்தி என் வீட்டுக்காரர் கார்ல் கையில கிடைச்சிடுச்சு" என்றாள் கோரலி. "யாரு இதுன்னு கேட்டாரு. சின்ன வயசுல என்னை வளர்த்த ஆயான்னு சொல்லிட்டேன்."

"ஆயா."

"வாய்ல அதுதான் வந்துச்சு. அவரு நல்ல மனுஷன்க்கா. வளர்த்தவங்கன்னா போயே ஆகணும்னு காரை எடுத்துட்டுப் போலாம்னுட்டாரு. சனிக்கிழமை வர்றோம். நீ சபையில அம்மாவோட வாழ்க்கைக் குறிப்பு படிக்கிறப்ப என் பேர மட்டும் சொல்லிடாத."

"பெத்தவள ஆயான்னு சொன்ன நாக்கு இன்னும் வாயிலதான் இருக்கா உனக்கு?"

"திட்டு, எவ்வளவு வேணாலும் திட்டு. என் புள்ளைங்கள நினைச்சுப் பாரு. விஷயம் தெரிஞ்சா அவர் என்னை வீட்டுல வச்சிருப்பாரா?"

"அந்தப் புள்ளைங்களுக்கு ஒரு பாட்டி இருந்தா. ஒரு போட்டோவாவது காட்டுங்கன்னு சாகிறவரைக்கும் கேட்டா. நீ அவள நினைச்சியாடி?"

வெர்லீன் போனைப் பட்டென்று வைத்தாள். கோபத்துக்கு மேலே இன்னொரு சிக்கல் இருந்தது. கடைசி வாரம் அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேர் பேரையும் படிக்கணும். ஒருத்திய விட்டுடாத" என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அம்மா சொன்னபடி செய்தால் தங்கையின் வாழ்க்கை நாசம். தங்கை சொன்னபடி செய்தால் அம்மா சவப்பெட்டியிலும் ஆயாதான்.

சனிக்கிழமை மதியம் சபை நிறைந்திருந்தது. கோரலி தொப்பியும் முகத்தை மறைக்கும் வலைத்துணியுமாக வந்து இறங்கினாள். கூடவே உயரமாக, சாதுவாக, அந்த கார்ல். வாசலில் நின்ற லூசியஸ் பள்ளிக்கூடத்தில் கோரலியோடு படித்தவன். அவன் முகத்தில் ஒரு சலனமில்லை. "இப்படி வாங்க மேடம்" என்று, சாவு வீட்டுக்கு வரும் வெள்ளைக்கார முதலாளிகளுக்கென்று ஒதுக்கி வைக்கும் முன் பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தான். சபை முழுக்க அவளை அடையாளம் கண்டுகொண்டது. விசிறிகள் ஒரு நிமிஷம் நின்று மறுபடி அசைந்தன. காட்டிக் கொடுக்கும் புத்தி அந்த ஜனங்களுக்கு இல்லை. எதிர்ப்பக்கம், குடும்பத்தார் பெஞ்சில், வெர்லீன் ஒற்றையாக உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளைக்கார விருந்தாளி வந்தால் ரெண்டு வார்த்தை பேசச் சொல்வது வழக்கம். போதகர் ஊருக்குப் புதுசு, பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. கூப்பிட்டுவிட்டார்.

கோரலி எழுந்தாள். "அவங்க எனக்கு..." என்று ஆரம்பித்து, கார்லைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு அம்மா மாதிரி இருந்தாங்க."

மாதிரியாம். வெர்லீனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அந்தச் சவப்பெட்டியைத் திறந்து, 'இவள் வயிற்றில் இருக்கிற தழும்பைப் பார், அது உன்னைப் பெற்ற தழும்பு' என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

அடுத்து அவள் முறை. காகிதத்தோடு மேலே ஏறினாள். 'இளைய மகள் கோரலி, கிளீவ்லாந்து' என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. கோரலி கண்ணாலேயே கெஞ்சினாள். கார்ல் அவள் கையைத் தடவிக்கொண்டிருந்தான். ஒரே ஒரு வரி. வாசித்தால் அந்தக் கை விலகிவிடும். விலகட்டுமே என்றுதான் வெர்லீன் மூச்சை இழுத்தாள்.

"இவருக்குப் பின் இருப்பவர், மூத்த மகள் வெர்லீன்" என்று படித்தாள். "இவருக்கு முன்பே காலமானவர்கள், கணவர் ஆம்ப்ரோஸ், இளைய மகள் கோரலி."

வெர்லீன் காகிதத்தை மடித்தாள். பிறகு பின் வரிசையிலிருந்து கிழவி ஓஸெல்லா, "ஆமென்" என்றாள். ஒவ்வொருவராகச் சபை முழுவதும் ஆமென் சொன்னது. கோரலி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசலில் கார்ல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெர்லீனிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது. கறுப்புக்காரி வயிற்றில் தன் பெண்டாட்டி பிறந்திருக்கலாம் என்ற நினைப்பே அந்த மனுஷனுக்கு ஓடவில்லை.

"பெத்த பொண்ணுக்கே இவ பேர வச்சிருக்காங்களே. எவ்வளவு பாசம்" என்றான். "உங்க தங்கச்சி சின்ன வயசுலயே போயிட்டாங்களா?"

"பத்தொன்பது வயசுல, சார்."

சவப்பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். கோரலி ஓடி வந்தாள். "நானும் கல்லறைக்கு வர்றேன். ஒரு பிடி மண்ணு மட்டும்..."

வெர்லீன் அவளை நேராகப் பார்த்தாள். "அது குடும்பத்துக்காரங்க போடுற மண்ணு, மேடம். இவ்வளவு தூரம் வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க."

கோரலி நின்ற இடத்திலேயே மடங்கிப் போனாள். கார்ல் அவளைத் தோளோடு அணைத்துத் தூக்கினான்.

"அவங்க சொல்றதும் நியாயம்தானே" என்றான் மெதுவாக. "அவங்க அம்மா. நாம குறுக்க நிக்கக் கூடாது, வா." சொல்லிக்கொண்டே அவளைக் காருக்குக் கூட்டிப்போனான்.