வர முடியாதவர்களின் தட்டு

தேன் ஒட்டிய கையோடுதான் ஜோவிதா அம்மாவைத் தாங்கிப் பிடித்தாள். பிடித்த பிறகே கரண்டி கீழே விழுந்த சத்தம் காதில் ஏறியது. அடுப்பில் கோலிக்குண்டு அளவு மாவு உருண்டைகள் சிவந்து, பிறகு கறுத்துக்கொண்டிருந்தன. கேஸை அணைக்கச் சொல்லித்தான் அவள் முதலில் ஃபிரெடியைக் கூப்பிட்டாள். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று புருஷனிடம் சொல்ல வாய் வரவில்லை.

கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். நாடி பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், பிறகு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். இதயம்தான், அவங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்றார். டாக்டர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். போனவர்கள் யாரும் திரும்பி வந்து மறுத்ததில்லை. அம்மா ஞானசௌந்தரியின் நைட்டியில், தோள்பட்டை மேல், மகளின் விரல்கள் தேனாகப் பதிந்திருந்தன.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அது. மாடம்பாக்கத்தில் அந்தத் தெரு முழுக்க பகல் வெளிச்சம் இருக்கும்போதே நட்சத்திர விளக்கை ஏற்றிவிட்டிருந்தார்கள்.

ஞானசௌந்தரி இத்தாலியில், நேப்பிள்ஸ் நகரத்தில், ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனபோது ஜோவிதாவுக்குப் பன்னிரண்டு வயது. புருஷன் போய்ச் சேர்ந்த வீட்டில் வேறு வழி இருக்கவில்லை. பெண்ணைத் தாம்பரத்தில் அக்காவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினாள். லீவு கிடைத்தால் ஆகஸ்டில் வருவாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. சிஞோரா, சிஞோரா என்று அவள் மரியாதையாகச் சொல்லும் அந்தக் கிழவியைப் பண்டிகை நாளில் யார் பார்ப்பது? கிழவி இந்த ஏப்ரலில் செத்துப்போனாள். அதன் பிறகுதான் அம்மா மகளுக்குக் கிடைத்தாள். இருவரும் ஒரே மேசையில் உட்காரப்போகும் முதல் கிறிஸ்துமஸ் ராத்திரி இது.

அதை அம்மா லேசில் விடுவாளா? அங்கே அன்றைக்கு ராத்திரி கறி கிடையாது, மீன்தான். விலாங்கு வேண்டும் என்று தாம்பரம் மார்க்கெட்டில் கேட்டு, மீன்காரம்மாவிடம் நன்றாகக் கிண்டல் வாங்கிக்கொண்டு, வஞ்சிரமும் கணவாயும் இறாலுமாக வந்து இறங்கினாள். மத்தியானத்துக்குள் எல்லாம் பொரித்து மூடி வைத்தாயிற்று. தேனில் புரட்டும் உருண்டை மட்டும் பாக்கி. நம்ம ஊர்க் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல்லை உருட்டிப் போட்டுவிட்டு இதற்கு இத்தாலிப் பெயரா என்று ஃபிரெடி கேலி செய்தான். வாயில் போட்டதும் அடங்கிவிட்டான்.

சண்டை வந்தது தட்டில். வீட்டில் மூன்று பேர், ராத்திரி வரப்போகிற பெரியம்மாவைச் சேர்த்தால் நான்கு. அம்மா ஐந்தாவதாக ஒரு தட்டை வைத்தாள். யாருக்கு என்று ஜோவிதா கேட்டாள். சிஞோராவுக்கு என்றாள். அங்கே அந்த ராத்திரி சாப்பிட்ட மேசையை எடுத்து வைக்க மாட்டார்களாம். செத்துப்போனவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று அப்படியே விட்டுவிட்டுப் படுத்துவிடுவார்களாம். சிஞோரா தன் புருஷனுக்கென்று ஒரு தட்டு வைப்பாளாம்.

"பக்கத்துல நான் உனக்கு ஒண்ணு வைப்பேன். வருஷா வருஷம்" என்றாள் அம்மா, மாவை உருட்டிக்கொண்டே.

ஜோவிதாவின் கை நின்றுவிட்டது. "செத்தவங்க மேசையில எனக்கா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"சிஞோராவும் திட்டத்தான் செய்வாங்க, ஆகாதுன்னு. அங்க எனக்கு வேற எந்த மேசை இருந்துச்சு, சொல்லு."

அதற்கு ஜோவிதா சொன்ன பதிலைத்தான் இனித் திருப்பி எடுக்க முடியாது. இந்த வீட்டில் அந்தப் பழக்கம் வேண்டாம், சாப்பிட்டதும் எல்லாத் தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிடுவேன், இத்தனை வருஷம் வெறும் தட்டுக்குப் பரிமாறினது போதும் என்று கத்தியிருந்தாள். அம்மா அடுத்த ஈடு உருண்டைகளை எண்ணெயில் போட்டாள். தேனை எடு என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

பொழுது சாய்வதற்குள் ஃப்ரீசர் பாக்ஸ் வந்துவிட்டது. அதற்குத் தாங்கும் பிளக் ஹாலில் ஒன்றுதான், சாப்பாட்டு மேசைக்குப் பின்னால்; மேசை போனால்தான் பெட்டிக்கு இடம். எதிர் ஃபிளாட் சாவித்ரி மாமி உதவி செய்கிறேன் என்று தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். வந்து சேர்ந்த பெரியம்மா, தங்கையின் காலைக் கட்டிக்கொண்டு அழுது முடித்துவிட்டு, சாவு வீட்டில் சமைத்தது இருக்கக் கூடாது, எடுத்துக் கொட்டுங்கள் என்றாள்.

"மேசையில யாரும் கை வைக்காதீங்க" என்றாள் ஜோவிதா.

சாவித்ரி மாமி தட்டைப் பழைய இடத்திலேயே வைத்தாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று எல்லாரும் ஃபிரெடியைப் பார்த்தார்கள். காரணத்தைச் சொன்னால் அம்மா செத்தது நிச்சயமாகிவிடும் என்று ஜோவிதா வாயைத் திறக்கவில்லை. விஷயம் இதுதான். அவளுக்குக் கிறிஸ்துமஸ் ராத்திரியில் பசித்ததே இல்லை. பெரியம்மா வீட்டில் நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும் பிள்ளைகள் பிரியாணிக்கு அடித்துக்கொள்வார்கள். இவள் வயிறு நிறைஞ்சிருக்கு என்று போய்ப் படுத்துக்கொள்வாள். பிடிவாதம், அம்மாக்காரி மேல் கோபம் என்று பெரியம்மா நினைத்தாள். கோபம் உண்மைதான், போனில் அம்மா கூப்பிட்டால் இவள் வர மாட்டாள். ஆனால் வயிறு நிறைந்திருந்ததும் உண்மை. அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று இன்று வரை அவள் யோசித்ததில்லை. இப்போது யோசித்தாள். கடல் தாண்டி ஒரு தட்டுச் சோறு இங்கே வந்து சேர்ந்திருக்குமானால், இதோ இந்த ஹாலில் கிடக்கிறவளுக்குச் சேராதா?

ஃபிரெடி நல்லவன். ஏன் என்று கேட்கவில்லை. மேசையை அப்படியே கீழே கார் பார்க்கிங்கில் வைத்துவிடலாம் என்றான்.

கீழே போகும் முன் ஜோவிதா அம்மாவின் தட்டில் ஒரு பெரிய வஞ்சிரத் துண்டை வைத்தாள். சிஞோராவின் தட்டை அவள் கண்டுகொள்ளவில்லை. அந்தக் கிழவி சாப்பிட்டது போதும் என்று தோன்றியது. ஃப்ரீசர் பாக்ஸ் கொண்டுவந்த ஆட்களும் ஃபிரெடியும் நான்கு மூலையிலும் பிடித்து, தட்டும் தம்ளருமாக மேசையைப் படியில் இறக்கினார்கள். மாலையோடு ஏறி வந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள், மேசைக்குக் கும்பிடு போடுவதா வேண்டாமா என்று தெரியாமல். வீட்டு நாற்காலிகள் வருகிறவர்கள் உட்கார மேலேயே இருக்க வேண்டும். அம்மாவுடையதை மட்டும் ஜோவிதா தானே தூக்கிப்போய்ப் போட்டாள். வாட்ச்மேன் தயாளனிடம் நாய் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மேலே வந்தாள்.

பண்டிகை நாளில் அடக்கப் பூசை கிடையாது, காலைப் பூசைகள் முடிந்ததும் செபம் மட்டும் வைத்துக் கொண்டுபோகலாம் என்று பங்குச் சாமியார் சொல்லியனுப்பியிருந்தார். ராத்திரி முழுக்கப் பெட்டியின் பக்கத்தில் செபமாலை நடந்தது. ஜோவிதா அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

விடிந்ததும் பெரியம்மா மெல்லச் சொன்னாள், இனியாவது அந்தத் தட்டுகளைக் கழுவி வை, பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பேசுவார்கள் என்று. ஜோவிதா ஒரு பேசினை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மேசை ஸ்கூட்டர்களுக்கு நடுவே இருந்தது. வைத்தது வைத்தபடிதான் இருந்தது, ஒன்றைத் தவிர. அம்மாவின் தட்டில் மீன் இல்லை. ஓரத்தில் வட்டமான நடுமுள் மட்டும் இருந்தது. சதை எதிர்ப்பக்கத் தட்டில் இருந்தது. அது ஜோவிதாவின் தட்டு. சின்னப் பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பதுபோலச் சன்ன முள்ளும் நீக்கி, வில்லை வில்லையாக.

பேசினைக் கீழே வைத்தாள். யாராவது வந்தார்களா என்று தயாளனைக் கேட்டாள்.

"ஒருத்தரும் வரல்லமா. நான் இங்கியேதான் கீறேன்" என்றான். பிறகு கையை நீட்டிக் காட்டினான். "நாயிங்ககூட கிட்ட வரல்ல. தோ, அந்தாண்ட குந்திகினு அந்த சேரையே பாத்துகினு இருந்துச்சுங்க. வாலாட்டிகினு."

அவள் அந்த நாற்காலியைப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. பயத்தைத் தாண்டி வயிற்றில் ஒன்று எழுந்தது. சாவு வீட்டில் எடுக்கக் கூடாத பசி, வெட்கம் கெட்ட பசி. தயாளனின் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, அம்மாவின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள். மீன் ஆறிப்போயிருந்தது. உப்புச் சரியாக இருந்தது.

மேலேயிருந்து பெரியம்மா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கேட்டுக்கு வெளியே கல்லறை வண்டி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து ஹாரன் அடித்தது. தயாளன் திறக்கப் போனான். பாதி வழியில் திரும்பிப் பார்த்துவிட்டு, அந்தம்மா சாப்பிட்டு முடிக்கட்டும் என்று வண்டிக்காரரைக் கையமர்த்தினான்.