கழற்றி வைத்த தண்டவாளம்

ஸ்ரீநிவாசராகவனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ அவரிடம் தங்கிவிட்டது. 'சரி' என்பதுதான் அது.

இருபத்தேழு வருஷத் தாம்பத்தியத்தில் காமு அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டது அபூர்வம். இப்போது அதைத் தவிர வேறு எதையும் கேட்க முடியவில்லை. காபி வேணுமா என்றால் சரி. வேண்டாமா என்றாலும் சரி. ஜன்னலைச் சாத்தட்டுமா என்றால் சரி என்பார். சாத்தினால் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதற்கும் ஒரு சரி. எந்தச் சரி எதற்கு என்று கண்டுபிடிப்பதே காமுவுக்கு நாள் முழுக்க வேலையாக இருந்தது. பாதி நாள் தப்பாகவே கண்டுபிடித்தாள்.

சிட்லபாக்கத்தில் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி அவர்கள் வீடு. அவர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் அதிகாரியாக இருந்தபோது கட்டியது. பின்பக்க அறையை விருந்தாளிகளுக்கென்று குளியலறையோடு சேர்த்துக் கட்டினார்கள். விருந்தாளி யாரும் அதில் தங்கியதில்லை. ஜெர்மனியில் வேலை பார்த்த அவருடைய ஒன்றுவிட்ட தம்பி, மகள் பத்மஜாவுக்கு விளையாட்டு ரயில் ஒன்று வாங்கி வந்தான். கையடக்க எஞ்சின், நாலு பெட்டி, கொஞ்சம் தண்டவாளம், ஒரு டிரான்ஸ்பார்மர். பத்மஜா ஒரு வாரம் விளையாடினாள். அப்புறம் அது அவருடையதாகிவிட்டது. குரோம்பேட்டையிலிருந்து பிளைவுட் வந்தது. அறையின் இரண்டு சுவரை ஒட்டி மேஜை எழும்பியது. மூர் மார்க்கெட்டிலும் பர்மா பஜாரிலும் தேடிப் பிடித்து இன்னும் தண்டவாளம் வாங்கிவந்தார். அட்டையில் ஒரு ஸ்டேஷன் செய்து, மஞ்சள் பலகையில் தாம்பரம் என்று மூன்று மொழியில் எழுதி நட்டார். ஞாயிற்றுக்கிழமை குளித்துச் சாப்பிட்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

"நானும் பாக்கறேனே," என்று ஆரம்பத்தில் காமு கேட்டதுண்டு.

"முடியட்டும். முடிஞ்சதும் கூப்பிடறேன்," என்பார்.

ஒன்பது வருஷமாகியும் முடியவில்லை. கூப்பிடவுமில்லை. சமையலறையில் பாத்திரம் கழுவும்போது அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்கும். சின்னச் சக்கரங்கள் கொஞ்ச தூரம் உருண்டு போகும், நிற்கும். பிறகு உருண்டு திரும்பி வரும், நிற்கும். மறுபடி போகும். பெரிய மனுஷர் ஸ்டேஷன் மாஸ்டர் விளையாட்டு விளையாடுகிறார் என்று நினைத்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது குளியலறை பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்பதால் கட்டிலை அந்த அறையில்தான் போட வேண்டியதாயிற்று. மேஜையை இழுத்துத் தள்ளியதில் அடியில் ஓடிய வயர்கள் பல அறுந்து தொங்கின. அன்றைக்கு அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பத்மஜா பிலாயில் புருஷன் வீட்டிலிருந்து வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனாள். ஆபீஸ்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள். பதில் பேசாத மனிதரிடம் எவ்வளவு நேரம் பேசுவது? நாளாக நாளாக அவர்கள் வருவது நின்றது. செம்பாக்கத்திலிருந்து பேபி என்கிற பெண் காலையில் வந்து அவரைத் தூக்கிக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போவாள். அவள் போனபிறகு வீட்டில் மனிதக் குரல் என்றால் காமுவின் குரல்தான். அதுவும் வரவரக் குறைந்தது.

பேபிதான் முதலில் கவனித்தாள்.

"அம்மா, ஐயா எந்நேரமும் அந்த ரயிலையே பாத்துகினு கீறாரும்மா. அத்த ஓட்டிக் காமியேன்."

"எனக்கு எங்கடி தெரியும் அதெல்லாம்?"

"வூட்டுக்குள்ளயே ஸ்டேஷன கட்டி வச்சிகினு தெரியாதுன்றியே," என்றாள் பேபி.

அன்று மத்தியானம் காமு பிளக்கை மாட்டிக் குமிழைத் திருகினாள். டிரான்ஸ்பார்மரில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் அசையவில்லை. அவர் இடது கையைத் தூக்கி மேஜையின் அடிப்பக்கத்தைக் காட்டினார்.

"வயரா? அறுந்து கிடக்கே, அதுவா?"

"சரி."

"இந்தச் சிவப்பா? இல்லே, இந்தக் கறுப்பா?"

"சரி. சரி."

அவரைக் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று புரிந்தது. காமு முந்தானையைச் செருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தாள். மேலே வயர்கள் கொத்துக் கொத்தாக ஓடிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் திருச்சி டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆறு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள் அவள். எதிரே பலகை நிறையத் துளைகள், கையில் கயிறு கயிறாக வயர்கள், ஓயாமல் கண் சிமிட்டும் விளக்குகள். எது எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். கல்யாணமான புதிதில் அவர், "வேலையை விட்டுடு," என்றார். விட்டுவிட்டாள். அந்தப் பலகையைப் பற்றி அவர் ஒரு நாளும் விசாரித்ததில்லை. அவளும் சொன்னதில்லை.

டார்ச் பல்பு ஒன்றில் இரண்டு வயரைச் சுற்றி, ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தாள். எரிந்தால் மின்சாரம் வருகிறது, எரியாவிட்டால் நடுவில் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. அவருடைய பெட்டியிலிருந்த சால்டரிங் அயர்னால் அறுந்ததை ஒட்டவைத்தாள். இரண்டு தடவை விரலைச் சுட்டுக்கொண்டாள். சமையலும் அவருக்கு மருந்து கொடுப்பதும் போக மிச்சமான நேரமெல்லாம் மேஜைக்கு அடியிலேயே கழிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நகர்ந்தது. தாம்பரத்தை விட்டுக் கிளம்பிச் சுவரோரமாகப் போய், மூலையில் பாதை வளையத் தொடங்கும் இடம் வரை போயிற்று. அதற்கு மேல் பாதை வளையமாகச் சுற்றிக்கொண்டு திரும்பவும் இதே பாதையில் வந்து சேர்ந்தது, ஆனால் தொடக்கத்திலேயே இடைவெளி. ஒரு துண்டு தண்டவாளம் அங்கே விட்டுப்போயிருந்தது. காமு குமிழை மறுபக்கம் திருகினாள். வண்டி பின்புறமாகவே உருண்டு ஸ்டேஷனுக்குத் திரும்பியது.

இத்தனை வருஷம் அவள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அதேதான்.

விட்டுப்போன துண்டு கீழே ஒரு டப்பாவில் தனியாகக் காகிதத்தில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. இதைப் போட்டால் வண்டி வளையத்தைச் சுற்றிவந்து, போன பாதையிலேயே முன்முகமாகத் திரும்பிவிடுமே, இதைப் போய் ஏன் போடாமல் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே அதை எடுத்துப் பொருத்தினாள். சிவப்பு விளக்கு பொசுக்கென்று அணைந்தது. எஞ்சின் செத்துப்போயிற்று.

அவள் ஏதோ கெடுத்துவிட்டோம் என்று பதறினாள். அன்றும் மறுநாளும் ஒவ்வொரு வயராகத் திரும்பப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. துண்டை எடுத்தால் விளக்கு எரிந்தது, வைத்தால் அணைந்தது. அவர் நாற்காலியிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சரியும் வரவில்லை.

கடைசியில் காமு வயரை விட்டுவிட்டு, விரலால் தண்டவாளத்தையே தொட்டுக்கொண்டு போனாள். ஸ்டேஷனிலிருந்து இடப்பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகப் போய், வளையத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் பாதையில் வந்து சேர்ந்தாள். விரல் வலப்பக்கத்துக் கம்பியில் நின்றது. போகும்போது இடது, வரும்போது வலது. இரண்டு கம்பியும் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. பின்னே ஷார்ட் ஆகாமல் என்ன செய்யும்?

துண்டு இருந்த இடத்தில் பிளைவுட்டைக் குனிந்து பார்த்தாள். ஆணி அடித்துப் பிடுங்கிய ஓட்டைகள் அம்மைத்தழும்பு மாதிரி இருந்தன. ஒருமுறை இரண்டுமுறை அல்ல. போட்டுப் போட்டுப் பார்த்துக் கழற்றியிருக்கிறார். அது விளையாட்டே இல்லை. ஒன்பது வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் இந்த ஒரு சாண் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார். முடியவில்லை என்று வெளியே வந்து ஒருவரிடமும் சொல்லவில்லை.

"ஏன்னா," என்றாள் காமு. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அடுக்களையிலதானே இருந்தேன். ஒரு தடவை கூப்பிட்டுக் கேக்கணும்னு தோணவே இல்லையா உங்களுக்கு?"

"சரி," என்றார் அவர்.

அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டாள். கோபமா அழுகையா என்று தெரியவில்லை. அவரை நினைத்தா தன்னை நினைத்தா என்பதும் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ ரேடியோவை வைத்திருந்தார்கள். குக்கர் சத்தம் போடும்வரை அங்கேயே இருந்துவிட்டு உள்ளே வந்தாள்.

வழி என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வளையத்தை மட்டும் மற்ற பாதையிலிருந்து மின்சாரம் தாண்டாதபடி அறுத்துப் பிரித்து, அதற்குத் தனியாக வயர் இழுக்கவேண்டும். வண்டி முழுசாக வளையத்துக்குள் நுழைந்ததும் நிறுத்தி, வெளியே இருக்கும் பாதையில் மின்சாரத்தை இடம்வலம் மாற்றிவிட்டு, மறுபடி ஓட்டவேண்டும். அதற்கு ஒரு இருவழி ஸ்விட்ச் போதும். எக்ஸ்சேஞ்சில் அப்படிப்பட்ட சாவிகளை விரல் தேயத் தேயத் தட்டியிருக்கிறாள். குரோம்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் கடையில் ஸ்விட்ச் கிடைத்தது. ஆக்ஸா பிளேடு வீட்டிலேயே இருந்தது.

பிளேடைத் தண்டவாளத்தின்மேல் வைத்ததும் அவர் கட்டிலில் இடது கையால் ஓங்கி அடித்தார். "சரி! சரி! சரி!" முகம் சிவந்து, வாயோரம் எச்சில் வழிந்தது. வேண்டாம் என்கிறாரா? அங்கே இல்லை, வேறு இடத்தில் அறு என்கிறாரா? காமு பிளேடைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஒம்பது வருஷம் நீங்க பண்ணினேள்," என்றாள். "இப்ப நான் பண்றேன்."

அறுத்தாள். வளையத்தின் இரண்டு முனையிலும், இரண்டு கம்பியையும். வெட்டின இடங்களில் பிளாஸ்டிக் மூடியிலிருந்து நறுக்கிய சில்லுகளைச் செருகினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். அன்று சாயங்காலம் கஞ்சி ஊட்டியபோதும் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் பேபி அவரை நாற்காலியில் உட்காரவைத்த பிறகு காமு வண்டியை விட்டாள். சுவரோரமாகப் போயிற்று. வளையத்துக்குள் நுழைந்தது. நிறுத்தினாள். ஸ்விட்சைத் தட்டிவிட்டுக் குமிழைத் திருகினாள். எஞ்சின் வெட்டின இடத்தைத் தாண்டும்போது லேசாகத் துள்ளியது, நிற்கவில்லை. சுற்றி வந்து, நாலு பெட்டியையும் இழுத்துக்கொண்டு முன்முகமாகத் தாம்பரத்தில் வந்து நின்றது.

"அட, வந்திட்ச்சே," என்றாள் பேபி.

அவர் காமுவைப் பார்ப்பார் என்று காமு எதிர்பார்த்தாள். அவர் குமிழைப் பார்த்தார். இடது கையை நீட்டினார். அவள் டிரான்ஸ்பார்மரையும் ஸ்விட்சையும் அவர் கைக்கெட்டும்படி நகர்த்திவைத்தாள்.

அதற்குப் பிறகு தினமும் அவர்தான் ஓட்டினார். காமு கொஞ்ச நேரம் சுவரோரமாக நிற்பாள். அவர் திரும்பமாட்டார். அடுப்பில் வேலை இருக்கும், போய்விடுவாள். சத்தம் இப்போது பாதியில் பின்வாங்கித் திரும்புவதில்லை, வளையத்தைச் சுற்றிக்கொண்டுதான் வந்தது.

"இன்னிக்கு ஐயா சிரிச்சாரும்மா," என்றாள் பேபி ஒரு நாள், ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே. "வாய் ஒரு பக்கமா கோணிகினு. நீ பாக்கலியா?"

காமு பார்க்கவில்லை. மறுநாள் காய் நறுக்குவதை விட்டுவிட்டுப் போய் ரொம்ப நேரம் நின்றாள். அவர் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. ஏரி நிரம்பித் தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. பேபியால் வர முடியவில்லை. காமுவே அவரை எப்படியோ கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிவிட்டு, மூச்சு வாங்கக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பகல் பதினோரு மணியிருக்கும். கரண்ட் போயிற்று. வண்டி சுவரோரமாகப் பாதி வழியில் நின்றது. மழைக்கு ஜன்னலைச் சாத்தியிருந்ததால் அறை இருட்டிக்கிடந்தது. அவரும் எங்கேயும் போக முடியாது, அவளும் எழுந்து போக வேலையில்லை.

"ஞாயித்துக்கிழமைல நீங்க கதவைச் சாத்திண்டப்புறம் நான் என்ன பண்ணுவேன்னு உங்களுக்குத் தெரியாது," என்றாள் காமு. இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை. தானாக வந்தது. "பாத்திரத்தைத் தேச்சு வச்சுட்டு, பத்மஜாவை டியூஷன்ல விட்டுட்டு, சானடோரியம் ஸ்டேஷனுக்கு நடந்து போவேன். பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிண்டு பெஞ்சுல உக்காந்திருப்பேன். ஒரு வண்டியிலயும் ஏறினதில்லை. வர வண்டியில யார் யார் இறங்கறான்னு பாப்பேன். விளக்கு ஏத்தற நேரத்துக்கு வந்துடுவேன். நீங்க அப்பவும் உள்ளேதான் இருப்பேள்."

காமு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்கே ஒருத்தி கொய்யாப்பழம் விப்பா. சரசுன்னு பேரு. என்னைப் பாத்து, வாராவாரம் யாரையம்மா எதிர்பாக்கறேன்னு கேட்டா. எங்க அண்ணாவைன்னு பொய் சொன்னேன். எனக்கு எங்க அண்ணா இருக்கான்?"

கரண்ட் வந்தது. குமிழ் திருகியபடியே இருந்ததால் வண்டி தானாகக் கிளம்பித் தடதடவென்று ஓடத் தொடங்கியது. அவர் இடது கை மெல்ல நகர்ந்து போய்க் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருகியது. வண்டி நின்றது.

கை சோர்ந்து நிறுத்தினாரா, அவள் சொல்வது காதில் விழவேண்டும் என்று நிறுத்தினாரா, காமுவுக்குத் தெரியவில்லை. கேட்டாலும் என்ன பதில் வரும் என்று தெரியும். அவர் முகம் வண்டிப் பக்கமே இருந்தது.

"அந்த சரசு அப்புறம் விடறதாயில்லை," என்று காமு கட்டிலின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "பாக்கும்போதெல்லாம், வந்தாரா உங்க அண்ணான்னு கேப்பா. நானும் அடுத்த வண்டியில வருவார்னு சொல்லுவேன்."