வேலிக்கு மேலே தலை

பிரதம அதிதி வந்து சேரும்வரை பந்தை மேலே எறியக்கூடாது என்பது கல்லூரி அதிபர் அழகரத்தினத்தின் உத்தரவு. காலையில் தொடங்கியிருக்கவேண்டிய இறுதிப்போட்டி. வெயில் உச்சிக்கு ஏறி, திடலின் சீமெந்துத் தரை அப்பச்சட்டியாகக் கொதிக்க, மத்தியஸ்தர் பந்தைக் குடம்போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு வேம்பின் நிழலுக்குப் போய்விட்டார். பான்ட் வாத்தியப் பிள்ளைகள் அதற்குள் இரண்டு தடவை வரவேற்பு கீதம் வாசித்து முடித்திருந்தார்கள். முதல் தடவை வந்தது ஐஸ்கிரீம் வான். இரண்டாவது தடவை தண்ணீர் பவுசர். பவுசர்க்காரன் மரியாதை தெரிந்தவன். கையை உயர்த்தி ஏற்றுக்கொண்டு போனான்.

சிவதர்ஷன் வாங்குப்பலகையின் நுனியில் முழங்கால்கள் நெஞ்சை முட்ட உட்கார்ந்திருந்தான். பதினேழு வயது. அவனுடைய நீளத்துக்கு விடுதியில் கட்டில் கிடையாது. கால்மாட்டில் ஒரு கதிரையைப் போட்டு மிச்சக் காலை அதில் வைத்துத்தான் படுப்பான். அவன் கண் எதிர்ப்பக்கத்து வேம்பின் கீழே நின்ற அம்மாவிலேயே இருந்தது. மங்கையற்கரசி விடியப்புறம் வெல்லாவெளியில் பஸ் ஏறி வந்திருந்தாள். கூடைப்பந்தாட்டத்தில் எந்தக் கூடைக்குள் எவர் போடவேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. மகனுடைய அணி வென்றால், வரப்போகிற பெரிய மனிதரிடம் ஒரு கேள்வி கேட்கலாம் என்பது தெரியும்.

கேள்வி சின்னது. நிரோஜன் எங்கே?

நிரோஜன் மூத்தவன். பெரியகல்லாற்றில் கடற்கரையோடு வீடு இருந்த காலத்தில் இரண்டு பொடியன்மாரும் தகப்பனுடைய தோணியில்தான் வளர்ந்தார்கள். சுனாமி வந்த காலையில் தகப்பனும் தோணியும் ஒன்றாகப் போய்ச் சேர, வீடு நின்ற இடத்தில் அயல்வீட்டுக் கிணறு மட்டும் மிஞ்சியது. இனிக் கடலே வேண்டாம் என்று மங்கையற்கரசி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வாவிக்கு அப்பால், வெல்லாவெளியில் தமையனின் வளவுக்குப் போனாள். வயல் வட்டைக்குள் கடல் வராது என்ற கணக்குச் சரிதான். மோட்டார் சைக்கிள் வந்தது. இயக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்ட காலம். வயதை எப்படிப் பார்ப்பார்கள்? பிறப்புப் பத்திரமா கேட்டார்கள்? வேலிதான் அளவுகோல். கிடுகு வேலிக்கு மேலே தலை தெரிந்தால் பிள்ளை நாட்டுக்குத் தயார். நிரோஜன் அம்மாவின் சேலையைக் கொடியில் போடுவதற்காக எட்டினான். தலை தெரிந்தது. சேலை காய முன்னம் ஆளைக் கொண்டுபோய்விட்டார்கள்.

அன்று பின்னேரமே இளையவனுக்குப் பாடம் தொடங்கியது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மங்கையற்கரசி கையை நீட்டி, உள்ளங்கையை நிலத்துக்குக் காட்டி, காற்றை ஒரு தரம் அமுக்குவாள். சிவதர்ஷனின் முழங்கால் மடியும். அந்த ஊர்த் தாய்மார் எல்லாருக்கும் தெரிந்த கை அது. பிள்ளை எவ்வளவு தூரத்து வரம்பில் நின்றாலும், தாயின் கை இறங்கினால் அவனும் நெல்லுக்குள் இறங்கிவிடுவான். சிவதர்ஷன் மற்றவர்களைவிட வேகமாக வளர்ந்ததால் மற்றவர்களைவிட நன்றாகக் குனியப் பழகினான். சாரனுக்குள் முழங்காலை மடித்தபடி நடப்பான், தண்ணீர் அள்ளுவான், சைக்கிள்கூட ஓட்டுவான். வேலிக்கு மேலே அவன் தலையை ஒருவரும் கண்டதில்லை.

2007இல் ஷெல் அடி. ஊரே வாவியைக் கடந்து இந்தப் பக்கம் ஓடிவந்தது. அவர்களுக்குக் கிடைத்த கூடாரம் பட்டணத்துக் கல்லூரி ஒன்றின் கூடைப்பந்துத் திடலில், வளையத்துக்கு நேர் கீழே. சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு நிறுவனமொன்று கட்டித்தந்த திடல் அது; வளையம் மாட்டிய பலகையைவிடக் கொடையாளியின் பெயர்க்கல் பெரிது. அகதிகள் அந்தக் கல்லில் உடுப்புத் துவைத்தார்கள். திறப்புவிழாவுக்குப் பிறகு அந்தக் கல்லால் மனிதருக்கு வந்த ஒரே பிரயோசனம் அதுதான்.

ஒரு மழை நாளில் கூடாரத்தின் தறப்பாள் பறக்கப் பார்த்தது. சிவதர்ஷன் சுற்றுமுற்றும் பார்த்தான், வேலி இல்லை, மோட்டார் சைக்கிள் சத்தமும் இல்லை. நிமிர்ந்து ஒரு எட்டு எட்டி, கயிற்றை வளையத்துக்கு மேலால் வீசிக் கட்டிவிட்டு மறுபடி மடிந்துகொண்டான். அதைப் பார்த்தவர் உடற்கல்வி ஆசிரியர் பதியுதீன். ஏறாவூர்க்காரர். நனைந்தபடியே வந்து நின்றார்.

"டேய், உனக்கு எலும்பில ஏதும் வருத்தமா?"

"இல்ல சேர்."

"மறுகா ஏண்டா கிழவன்ட நடை நடக்கிறாய்?"

சிவதர்ஷன் முழங்காலை இன்னும் கொஞ்சம் மடித்துக்கொண்டான். ஊர்ச்சனம் திரும்பிப் போனபோது அவனை மட்டும் விடுதியில் சேர்த்துவிட்டார் பதியுதீன்.

இரண்டு வருடம் கழித்து, மே மாதம், யுத்தம் முடிந்தது. யாரும் தவறிப்போய்த் தெரியாமல் இருந்துவிடக்கூடாது என்று மூன்று மொழிகளில் பனர் கட்டினார்கள். முடிந்த கையோடு சைக்கிளோட்டம், மரதன், பட்டம் விடும் போட்டி எல்லாவற்றுக்கும் சமாதானம் என்று பெயர் வந்தது. கூடைப்பந்துக்கு வந்தது 'சமாதானக் கிண்ணம்'. அதிபர் அழகரத்தினத்தின் கந்தோரில் கிண்ணம் வைக்கவென்று செய்வித்த கண்ணாடி அலுமாரிக்குள் அதுவரை பாச்சை உருண்டைகள் மட்டுமே இருந்தன.

லீக் சுற்றின் முதல் போட்டியில் படுதோல்வி. பந்து பலகையில் பட்டுத் தெறிக்கும்போதெல்லாம் எல்லாரும் மேலே பாய, சிவதர்ஷன் மட்டும் கீழே போனான். கூட்டத்தின் இரைச்சலில் அவன் உடம்பு அப்படித்தான் செய்தது. அணித்தலைவன் ஜெயரூபன் கட்டையன், அவனுடைய வாய்தான் நெடுப்பம். "அடுத்த மெச்சுக்கு முழங்கால் ரெண்டையும் விடுதில கழட்டி வச்சிட்டு வா மச்சான்" என்றான். "பத்தடி மரத்த நட்டு வச்சம், அது பூசணிக்கொடியாப் போச்சு."

பிறகுதான் அதிபர் மங்கையற்கரசியைக் கூப்பிட்டனுப்பினார். இயக்கம் கிழக்கை விட்டபோது நிரோஜனை வன்னிக்குக் கொண்டுபோனதாகக் கேள்வி. அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. வன்னியில் பிடிபட்டவர்களை வைத்திருந்த முகாம்களின் வாசல்களில் அவள் அவனுடைய படத்தோடு நின்று திரும்பிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் அதிபருக்குத் தெரியும்.

"இறுதிப்போட்டிக்கு ஆர் வாறார் தெரியுமா அம்மா? அந்த முகாமெல்லாம் அவர்ர கைக்குள்ளதான். உங்கட மகன் கிண்ணத்த எடுக்கட்டும். மேடையில வச்சு நானே மூத்தவரப் பத்தி எடுத்துச் சொல்லுவன். அது என்ட பொறுப்பு."

வெளியே வந்து பெயர்க்கல்லில் சாய்ந்துகொண்டு அவள் வெகுநேரம் யோசித்தாள். குனிந்து கிடந்ததால்தான் ஒரு பிள்ளையாவது மிஞ்சினான். இப்போது நிமிர்ந்தால்தான் மற்றவனைத் தேடலாம் என்கிறார்கள்.

"நிமிந்து விளையாடு மனே" என்று கடைசியில் மகனிடம் சொன்னாள். "றோட்டில மட்டும் குனிஞ்சு வா."

அதிபரின் வாக்கைச் சிவதர்ஷன் பதியுதீனிடம் சொன்னபோது அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதிபர்ர வாய நம்பிப் பந்து போடாத. ஆனா போடு."

போட்டான். நிமிர்ந்த சிவதர்ஷனை முதன்முதலில் கண்ட எதிரணிகள் இவன் இன்னொருவன் தோளில் ஏறி நிற்கிறானோ என்று கீழே பார்த்தார்கள். பலகையில் பட்ட பந்தெல்லாம் அவன் கைக்கு வந்தது. போட்டிக்குப் போட்டி கூட்டம் கூடியது. ஆட்டம் முடிந்ததும் அவன் சாரனைக் கட்டிக்கொண்டு, முழங்காலை மடித்து, சந்தியால் நடந்து போவான். கைதட்டியவர்களே அவனை அடையாளம் காணாமல் கடந்து போனார்கள்.

பிரதம அதிதி வந்தார். இந்தத் தடவை பான்ட் பிள்ளைகள் சந்தேகத்தில் பேசாமல் இருந்துவிட்டார்கள். அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்து "மீன்பாடும் தேனாட்டின்" என்று தொடங்கினார். மட்டக்களப்பில் அந்தச் சொல்லோடு தொடங்கும் பேச்சுக்கு முடிவில்லை என்பது மீன்களுக்கும் தெரியும். பாடுவதை அவை எப்போதோ நிறுத்திவிட்டன. அதிதி குள்ளமானவர். பெரிய நாற்காலியில் உட்கார்ந்தபோது கால் நிலத்தில் படவில்லை. ஆட்கள் ஓடிப்போய் ஒரு முக்காலி கொண்டுவந்தார்கள்.

பந்து மேலே போனது. திருகோணமலை அணி லேசுப்பட்டதல்ல. கடைசி நிமிடத்தில் இரு அணிகளும் சமன். ஜெயரூபன் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே வந்தது. மூன்று பேர் பாய்ந்தார்கள். சிவதர்ஷனுக்கு அந்தக் கணத்தில் தெரிந்தது கொடியில் கிடந்த சேலை. எட்டினான். தலை, தோள், கை எல்லாம் எல்லாருக்கும் மேலே போயின. பந்தை வாங்கி அப்படியே வளையத்துக்குள் வைத்துவிட்டு இறங்கினான்.

மேடையில் பயிற்றுநருக்குக் கதிரை இல்லை. பதியுதீன் கீழே, பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டு நின்றார். நீயே வாங்கு என்று ஜெயரூபன் தள்ளிவிட, சிவதர்ஷன் கிண்ணம் வாங்கப் போனபோது படமெடுப்பவர் பதறிப்போனார். கமெராவுக்குள் அதிதியின் தலை சிவதர்ஷனின் நெஞ்சோடு நின்றுவிட்டது.

"தம்பி, கொஞ்சம் குனியுங்க. இன்னும் கொஞ்சம். ஆ, அப்பிடியே நில்லுங்க."

அதில் அவனை வெல்ல ஆள் இல்லை. முழங்கால் மடிந்தது. அதிதியின் காது அவன் வாய்க்கு நேரே வந்தது. வாசனைத் தைலம் மணத்தது. ஜெயரூபனிடம் கேட்டு ஒரு கிழமையாகப் பாடமாக்கி வைத்திருந்த இங்கிலீசுச் சொல்லையும் சேர்த்துக்கொண்டான்.

"சேர், என்ட பிரதர். நிரோஜன். அவர் எங்க இருக்கார் எண்டு அம்மாக்கு ஒருக்காச் சொல்லுங்க சேர்."

அதிதி புன்னகை குலையாமல் அதிபரைத் திரும்பிப் பார்த்தார். சிவதர்ஷனும் பார்த்தான். அதிபரின் நெற்றியில் ஒரு வியர்வைத் துளி புறப்பட்டு மூக்குவரை வந்தது. பிறகு அவர் கைகளைக் கட்டிக்கொண்டு இங்கிலீசில் நீளமாக ஏதோ சொன்னார். சிவதர்ஷன் 'பிரதர்' என்ற சொல் வருகிறதா என்று கடைசிவரை காத்திருந்தான். 'பிளெஸிங்' வந்தது. 'கிரேற்புல்' இரண்டு தடவை வந்தது. பிரதர் வரவேயில்லை.

அதிதி மகிழ்ந்துபோனார். அவன் தோளில் தட்டினார். பிறகு ஒரு அடி பின்னால் போய், அவன் பாதத்தில் பார்வையைத் தொடங்கி, மடித்திருந்த முழங்காலில் ஒரு கணம் தங்கி, மெல்ல மேலே ஏற்றினார். பின்னால் நின்ற அதிகாரியிடம் ஏதோ சொன்னார். அதிகாரியும் அதே போலக் கீழிருந்து மேலே பார்த்தார்.

அதிபர் சிவதர்ஷனின் காதுக்குள் வந்தார். மூச்சில் பெரிய ஆறுதல் இருந்தது.

"உனக்கு அடிச்சிருக்குடா லக்கு! பொலிசுக்கு ஆள் எடுக்கிறாங்களாம். இந்த உயரத்துக்குக் கேள்வியே இல்லையாம். நிமிரு, நிமிரு! சேர் உன்ட முழு உயரத்தையும் பார்க்கோணுமாம்."

"அண்ணனக் கேட்டீங்களா சேர்?"

"அதெல்லாம் ஆறுதலாக் கதைப்பம். இப்ப நிமிரடா, எல்லாரும் பாக்கிறாங்க."

உண்மையிலேயே எல்லாரும் பார்த்தார்கள். திடல் முழுவதும் கைதட்டிக்கொண்டு நின்றது. மேடையில் நடந்த பேச்சில் ஒரு சொல்லும் மங்கையற்கரசிக்குக் கேட்டிருக்காது. ஆனால் பாதத்திலிருந்து தலைவரை ஏறி, பிள்ளையை அளக்கிற அந்தப் பார்வையை அவள் எவ்வளவு தூரத்திலிருந்தும் கண்டுகொள்வாள்.

சிவதர்ஷன் வேம்பின் பக்கம் பார்த்தான். ஓயாமல் தட்டிக்கொண்டிருந்த நூறு கைகளுக்கு நடுவே ஒரு கை மட்டும் தனியே நீண்டு நின்றது. உள்ளங்கை நிலத்தைப் பார்த்திருந்தது. அது காற்றை அமுக்கியது. இன்னொரு தரம் அமுக்கியது. பிறகு மேலே எடுக்க மறந்ததுபோல அங்கேயே, இடுப்பளவில் நின்றது.